பத்து மாடு கறப்பவள் எழுதிக்கொண்டது

ராயக்கோட்டை,
11-7-1992, சனிக்கிழமை.

அன்புள்ள ஜோதி அக்காவுக்கு,

உன் தங்கை முனிலட்சுமி எழுதிக்கொண்டது. இங்கே நானும் அவரும் அத்தையும் மாமனாரும் நலம். மாடு இரண்டும் நலம். அங்கே மூர்த்தி மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதாகச் சொல். உன்னை மட்டும் இந்தக் கடிதத்தில் விசாரிக்கப்போவதில்லை. உனக்கென்ன குறை, பர்கூரில் பாக்கெட் பால் வாங்கிக் காப்பி குடித்துக்கொண்டு சௌகரியமாகத்தான் இருப்பாய். நான் உன் மேல் மிகுந்த கோபத்தில் இருக்கிறேன். ஏன் என்று கேட்காதே, சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

சித்திரையில் இவர்கள் என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்தது உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அத்தை என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, "மாடு கறப்பியாம்மா?" என்று கேட்டார். நான் உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து சத்தம் வருவதற்குள் நீ உள்ளே இருந்து, "மாடா? பத்து மாட்ட கொண்டாந்து நிறுத்துங்க, பத்தையும் கறந்து வெச்சிட்டுத்தான் இவ பல்லே வெளக்குவா" என்றாய். "களி கிண்டுவியா?" என்றார். "ஊருக்கே கிண்டுவா" என்றாய். "எங்க வூட்ல கன்னடமும் கலந்து வரும்" என்றார். "இவ தூக்கத்துல பேசறதே கன்னடந்தான்" என்றாய். அக்கா, நான் மூன்று வருஷம் ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலையில் பயிற்சியில் இருந்தவள். கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் கடுகைவிடச் சின்னச் சக்கரங்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று வருஷத்தில் நான் கிட்டப் போய்ப் பார்த்த ஒரே மாடு நெய் டப்பாவில் இருந்த படம். விடுதியில் கற்றுக்கொண்ட கன்னடம் "ஊட்டா ஆய்த்தா", அதாவது சாப்பிட்டாயா என்பது மட்டும். அம்மா வீடு என்று எனக்கு இருப்பது உன் வீடுதான், நல்ல இடம் கை நழுவிவிடக் கூடாதே என்றுதான் சொன்னாய், தெரியும். ஆனால் சொன்னது நீ, மாட்டிக்கொண்டது நான்.

முதல் வாரம் விருந்தும் கோயிலுமாகப் போய்விட்டது. எட்டாம் நாள் காலையில் அத்தை என் கையில் பால் சொம்பைக் கொடுத்து, "இன்னிக்கு நீ கறம்மா" என்றார். நான் சொம்பை வாங்கிக்கொண்டு கொட்டாய்க்குப் போய் மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அது திரும்பி என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தது. எங்கள் தொழிற்சாலை மேற்பார்வையாளர்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை. கால் மணி நேரம் இழுத்தேன். ஒரு சொட்டு வரவில்லை. என் முந்தானையின் ஒரு முழம் மாட்டின் வாய்க்குள் போயிருந்தது, அதுவும் கல்யாணப் பட்டுக்கு அடுத்தபடியாக நல்ல புடவை. வாசற்படியில் மாமனார் வெங்கடசாமி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "எங்க ஊரு மாடு வேற மாதிரி மாமா" என்றேன். அவர் மாட்டை ஒரு முறை பார்த்துவிட்டு, "வேற மாதிரின்னா? காம்பு முதுகுல இருக்குமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை அக்கா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

அன்று மத்தியானமே என் வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "கறக்கத் தெரியாதா? பரவால்ல. உங்கக்கா சொன்னதுல வேற என்னென்ன தெரியாது?" என்றார். "எதுவுமே தெரியாது" என்றேன். "பேரு முனிலட்சுமிதான?" என்றார். ஆமாம் என்றேன். "அது போதும்" என்று சொல்லிவிட்டு மோர் கேட்டார். நல்ல மனுஷர். அந்தச் சமயம் அவருக்கு ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். காலையில் பஸ் இறங்கி நேராகக் கொட்டாய்க்கு வந்து கறந்து கொடுத்துவிடுவார். அத்தை அந்நேரம் பட்டுப்புழு வளர்க்கும் அறையில் இருப்பார், மாமனார் மல்பெரி இலை வெட்டத் தோட்டத்துக்குப் போயிருப்பார். நான் நிறைந்த சொம்பைத் தூக்கிக்கொண்டு, களைத்துப்போனவள் மாதிரி நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவேன். அத்தை பார்த்து, "பரவால்லியே, கை வந்துடுச்சு" என்பார். இப்படி மூன்று வாரம் ஓடியது.

களி கதை வேறு. தண்ணீர் கொதித்ததும் கேழ்வரகு மாவை மொத்தமாகக் கொட்டிவிட்டேன். துடுப்பை வைத்துக் கிண்டினேன், கொஞ்ச நேரத்தில் துடுப்பு நின்றுவிட்டது. மேலே இழுத்தால் பானையும் கூடவே வந்தது. தண்ணீர் குடிக்க உள்ளே வந்த மாமனார் பதறிப்போய்ப் பானையைப் பிடித்துக்கொண்டார். அவர் பானையைக் கீழே இழுக்க, நான் துடுப்பை மேலே இழுக்க, அந்நேரம் பார்த்து உறைமோர் கேட்டு வந்தாள் பக்கத்து வீட்டு சென்னம்மா. வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தாள். மோரை மறந்துவிட்டுத் திரும்பி ஓடினாள். சாயங்காலத்துக்குள் மருமகளும் மாமனாரும் சோற்றுப் பானைக்கு அடித்துக்கொள்கிறார்கள் என்று தெருக் கோடி வரை செய்தி போய்விட்டது. இரண்டு பேர் பஞ்சாயத்துப் பேசவே வந்துவிட்டார்கள். அத்தை அவர்களுக்கும் அந்தக் களியிலேயே ஆளுக்கு ஓர் உருண்டை வெட்டி வைத்தார். தின்று முடித்துவிட்டு, முழுங்கவே முடியாத களி கிண்டறவள ஏன் பையனுக்குக் கட்டி வெச்சீங்க என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள்.

கன்னடம் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். அத்தை நிதானமாக இருக்கும்போது தமிழ் பேசுவார். அவசரம் வந்தால் கன்னடம் வந்துவிடும். ஒரு நாள் புழு அறைக்குள் இருந்து, "எலெ, எலெ, பேக பா" என்று கூப்பிட்டார். பேக பா என்றால் சீக்கிரம் வா என்று எப்படியோ புரிந்தது. எலி வந்துவிட்டது, அதுதான் அலறுகிறார் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பாய்ந்து போய், புழுத் தட்டுகளை வைத்திருக்கும் மூங்கில் அடுக்குக்கு அடியில் வீசினேன். எறும்பு ஏறாமல் இருக்க அதன் கால்களுக்கு அடியில் வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணங்கள் நாலும் கவிழ்ந்தன. அத்தை இரண்டு கையாலும் தட்டுகளை அணைத்துக்கொண்டு நின்றார். "எலெ கேட்டா தொடப்பத்த எடுத்தாந்து அடிக்கிறியே, எலென்னா தழைம்மா, புழுவுக்குத் தழை" என்றார். "எங்க பக்கத்துக் கன்னடம் வேற அத்தை" என்றேன். "பர்கூர்ல எல்லாமே வேறயாத்தான் இருக்கும்போல" என்றார்.

புழு என்றதும் உனக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். கத்தரிக்காயில் ஒரு புழு நெளிந்தால் கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறவள் நான். இங்கே பட்டுப்புழு இருபதாயிரம். பெண் பார்க்க வந்தபோது இதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் நீ என்னைப் புழு வயிற்றிலேயே பிறந்தவள் என்று சொல்லியிருப்பாய். ஆனால் இந்தப் புழுதான் அக்கா இந்த வீட்டுக்கு உயிர். போன இரண்டு தடவையும் நோய் வந்து தட்டுத் தட்டாகக் குழியில் கொட்டினார்களாம். இந்தத் தடவையும் போனால் மல்பெரியை வேரோடு பிடுங்கிவிட்டுத் தக்காளி போடுவது என்று மாமனார் முடிவு கட்டியிருந்தார். தக்காளி என்ற பேச்சை எடுத்தாலே அத்தையின் கண் கலங்கிவிடும். அந்தச் செடிகளை அவர்தான் ஒவ்வொன்றாக நட்டாராம்.

முதல் இரண்டு நாள் நான் வாசலில் நின்று கண்ணை மூடிக்கொண்டுதான் தழை நீட்டினேன். மூன்றாம் நாள் கண்ணைத் திறந்தேன். திறந்ததும் புழு தெரியவில்லை, தூசிதான் தெரிந்தது. மாமனார் சாணி மிதித்த காலோடு உள்ளே வருகிறார். சென்னம்மா கோழியைத் தூக்கிய கையோடு வந்து தட்டைத் தொடுகிறாள். எங்கள் தொழிற்சாலையில் தலையில் ஒரு முடி வெளியே தெரிந்தாலும் அறைக்குள் விடமாட்டார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. செருப்பை வெளியே விடச் சொன்னேன், வாசலில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர் வைத்து ஒவ்வொருவரையும் காலையும் கையையும் நனைக்க வைத்தேன், ஜன்னலுக்கு ஈ நுழையாத வலை அடித்தேன். மாமனாரின் பீடியை வாசலில் வாங்கி வைத்துக்கொண்டேன். "எங்க வூட்டுப் புழுவப் பாக்க எனக்கே கேட் பாஸா?" என்று முனகினார். ஆனாலும் காலை நனைத்துக்கொண்டார். புழுவோடும் பழகிவிட்டேன். அவை நான்கு முறை தோல் உரிக்கும், அதை இங்கே ஜுரம் என்கிறார்கள். ஜுரத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு சாமி கும்பிடுவதுபோல அசையாமல் கிடக்கும். நாலாவது ஜுரம் முடிந்து எழுந்ததும் தின்னும் பார், கேன்டீனில் முதல் பந்திக்கு உட்கார்ந்தவர்கள்கூட அப்படித் தின்று நான் பார்த்ததில்லை. இருபதாயிரத்தில் ஒன்றுகூட நோயில் விழவில்லை. அத்தை ஒவ்வொரு தட்டாகப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வெளியே போவார். சொன்னால் கண் பட்டுவிடும் என்று பயம்.

இந்த நேரத்தில்தான் போன வாரம் அவருக்கு ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள். விடிவதற்கு முன்னாலேயே பஸ் ஏற வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் சொம்பும் நானும் மாடும் மட்டும் மிஞ்சினோம். வேறு வழி தெரியாமல் வலது மணிக்கட்டில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, கை பிசகிவிட்டது என்று அத்தையிடம் சொன்னேன். எண்ணெய் தேய்த்துவிட்டு இரண்டு நாள் ஓய்வு கொடுப்பார் என்று நினைத்தேன். அத்தை கேழ்வரகுக் கொல்லையில் இருந்த மாமனாரைக் கூப்பிட்டார், மாமனார் சைக்கிளில் போய் மூன்று மைல் தாண்டி இருக்கும் நாட்டு வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் என் கையைத் தொட்டுப் பார்த்து, "எலும்பு லேசா வெலகியிருக்குது" என்றார். நன்றாக இருந்த கை அக்கா அது. அவர் இழுத்த இழுப்பில்தான் உண்மையிலேயே வலித்தது. நான் போட்ட கூச்சலைக் கேட்டு, "பாத்தீங்களா, வெலகினது உள்ள போயிடுச்சு" என்றார். முட்டை வெள்ளையும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்து, விரலிலிருந்து முழங்கை வரை கட்டிவிட்டுப் போனார். அத்தை எனக்குக் களியை ஊட்டிவிட்டார். அவர் கிண்டிய களி, வெண்ணெய் போல இறங்கியது. ஒவ்வொரு வாய்க்கும் எனக்கு அழுகையாக வந்தது. வலி தாங்காமல் அழுகிறேன் என்று இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றினார்.

திங்கட்கிழமை காலையில் நான் அடுப்படியில் ஒரு கையோடு திண்டாடிக்கொண்டிருந்தபோது, அத்தை புழு அறையிலிருந்து, "ஹண்ணாய்த்து, ஹண்ணாய்த்து" என்று கத்தினார். எனக்கு அண்ணா என்று கேட்டது. அத்தையின் அண்ணன் தேன்கனிக்கோட்டையிலிருந்து வந்துவிட்டார் போலிருக்கிறது என்று டீக்குத் தண்ணீர் வைத்தேன். ஒருவரையும் காணோம். அத்தைதான் ஓடிவந்தார். புழு பழுத்துவிட்டதாம். பழுத்த புழு தின்பதை நிறுத்திவிட்டு உடனே நூல் விட ஆரம்பித்துவிடும். அதற்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கூடு கட்டுவதற்கென்று இருக்கும் மூங்கில் சந்திரிகையில் விட வேண்டும். விடாவிட்டால் தழையிலும் குப்பையிலும் நூலைச் சிந்தி வீணாக்கிவிடும். இன்னும் இரண்டு நாள் கழித்துத்தான் பழுக்கும் என்று அன்றைக்கு ஆள் சொல்லி வைத்திருந்தார்கள். அது அன்றே பழுத்துவிட்டது. கூலிக்கு வரும் பெண்கள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார்கள். அத்தை, மாமனார், சென்னம்மா, அப்புறம் கட்டுப் போட்ட நான். மாமனார் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டுப் பழுக்காத புழுவாகப் பொறுக்கினார். சென்னம்மா இரண்டு புழு எடுத்தால் மூன்று கதை சொன்னாள். அத்தை தட்டுக்குத் தட்டு மாறி மாறி ஓடினார். "போச்சு, இதுவும் போச்சு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே பொறுக்கினார்.

நான் இடது கையால் ஆரம்பித்தேன். வெளிச்சத்துக்கு எதிராகத் தட்டைச் சாய்த்தால் பழுத்த புழு தேன் நிறத்தில் உள்ளே வெளிச்சம் ஊடுருவித் தெரிகிறது, பழுக்காதது பால் மாதிரி வெள்ளையாக நிற்கிறது. மூன்று வருஷம் இதைத்தானே அக்கா செய்தேன், ஒரு நூல் வித்தியாசத்தைக் கண்ணால் பிரித்து, நசுங்காமல் எடுத்து, அதனதன் இடத்தில் வைப்பது. கண்ணுக்கு எல்லாம் தெரிகிறது, ஒரு கை போதவில்லை. தட்டு ஓரத்தில் ஒன்று நூல் விட ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. பல்லால் முடிச்சைக் கடித்து அவிழ்த்தேன், சிம்பு நாலு பக்கமும் தெறித்தது, உளுந்து மாவைத் தண்ணீரில் முக்கி உரித்துப் போட்டேன். அப்புறம் இரண்டு கை. பகல் சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. வெயில் சாயும் நேரத்தில் கடைசித் தட்டும் காலி. சந்திரிகை முழுக்கப் புழுக்கள் தலையை ஆட்டி ஆட்டி நூல் விட்டுக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்தேன். அத்தை என் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை?" என்றார்.

"வலி போயிடுச்சு அத்தை" என்றேன்.

"கட்டுப் போட்டவரு கெட்டிக்காரருதான்" என்றார். காலித் தட்டுகளை அடுக்கத் திரும்பிவிட்டார்.

அதுதான் அக்கா பயமாக இருக்கிறது. திட்டியிருந்தால் தெரிந்துவிட்டது என்று அழுது தீர்த்திருப்பேன். ஐந்து நாளாக, "கைய பத்தரமா பாத்துக்க, மாட்டுப் பக்கம் போவாத" என்கிறார். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். நேற்று கூடு பிரித்தோம். எல்லாம் மஞ்சளாக, அழுத்தினால் விரல் இறங்காத கூடு. மாமனார் ஒன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டு, தக்காளி நாற்றுக்குச் சொன்னவனிடம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். இன்று விடியற்காலையில் மூட்டைகளோடு ஓசூர் மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார். அத்தை மல்பெரித் தோட்டத்தை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்து ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பாத்திரம் தேய்க்கிறார். இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவரிடம் போய், நான் சொன்னதெல்லாம் பொய் என்று எந்த முகத்தோடு சொல்வது? சொல்லாமலும் எத்தனை நாள் இருப்பது?

அதனால் கேள். வருகிற வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. புதுப் பெண்ணை ஆடிக்கு அழைத்துப்போகும் வழக்கப்படி, அன்றைக்கே நீயும் மூர்த்தி மாமாவும் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். போகும்போது நான் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு நீ அத்தையிடம் உண்மையெல்லாம் சொல்லிவிடு. சொன்ன வாய் உன்னுடையது, திருப்பிச் சொல்வதும் அதுவாகவே இருக்கட்டும். ஒரு மாதம் அங்கே இருந்து யார் வீட்டு மாட்டிலாவது கறக்கப் பழகுகிறேன். திரும்பி வரச் சொன்னால் வருகிறேன். வரச் சொல்வார்களா என்றுதான் தெரியவில்லை. எனக்கு இந்த வீடு பிடித்துவிட்டது அக்கா. அதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

மூர்த்தி மாமாவுக்கு என் வணக்கம். எதிர் வீட்டாரையும் விசாரித்ததாகச் சொல். கோபம் ஆறியதும் உன்னையும் தனியாக ஒரு கடிதத்தில் நலம் விசாரிக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னால் மாட்டிக்கொண்ட தங்கை,
முனிலட்சுமி

பி.கு.: மேலே எழுதியிருப்பதில் ஒன்றையும் செய்யாதே. நான் கடிதத்தை மடிக்கும்போது அத்தை வந்து எதிரே உட்கார்ந்தார். "அக்காவுக்கா? படி, கேக்கலாம்" என்றார். நான் நாலு பக்கத்தையும் கையில் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் நலம், மாடும் நலம், மழை இல்லை" என்று படித்து முடித்தேன். "இத எழுதவா காலைலேர்ந்து குந்திக்கினு இருந்த?" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். விரல் வைத்து வரி வரியாக எல்லாவற்றையும் படித்தார். பஞ்சாயத்துக்காரர்கள் களி தின்ற இடத்தில் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது, தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். படித்து முடித்ததும் எழுந்து போய்த் தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மாடு கறக்க எனக்கும் வராதும்மா" என்றார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து முப்பது வருஷமாக மாமனார்தான் கறக்கிறாராம். ஊருக்குத் தெரிந்தால் கேலி செய்வார்கள் என்று கொட்டாய்க் கதவைச் சாத்திக்கொண்டு கறப்பாராம், அத்தை சொம்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவாராம். இப்போது அவருக்கு முட்டி மடக்கிக் குந்த முடியவில்லை, என் கை கட்டில் இருந்ததிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டு அவர்தான் கறக்கிறாராம். அதற்காகத்தான் கறக்கத் தெரிந்த பெண்ணாகத் தேடினார்களாம்.

ஆடிக்கு என்னை அனுப்ப முடியாது என்று எழுதச் சொன்னார். புதன்கிழமை அடுத்த புழு முட்டை வருகிறது, புழு அறைக்கு நான் இல்லாவிட்டால் ஆகாதாம். ஆனால் வியாழக்கிழமை நீ வரத்தான் வேண்டும். பெண் பார்த்துவிட்டுப் போகும்போது பஸ் ஸ்டாப்பில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "இவளுக்குக் கறக்கச் சொல்லிக் குடுத்ததே நான்தான்" என்றாயாமே. ஒரு வாரம் தங்குவதுபோல வரச் சொன்னார், எங்கள் இரண்டு பேருக்கும் நீதான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். காலை முதல் பஸ்ஸுக்கே வந்து நிற்பாராம். புறப்படும் முன் நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு வரும்படி அத்தை சொல்லச் சொன்னார்.